நேபாளத்தில் மூன்று மாதத் தன்னார்வப் பணி: ஒரு கணக்காளர் எதைச் செய்துவிட்டு வர முடியும்?

கோவையில் 11 ஆண்டுகள் கணக்குத் துறையில் பணிபுரிந்த நீங்கள், மூன்று மாத ஊதியமில்லா விடுப்பில் நேபாளத்து மலை மாவட்டம் ஒன்றில் ஐந்து ஊழியர்களுடன் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சென்று அதை வலுப்படுத்த உதவ விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் போதுமா, இடைத்தரகு முகமை கேட்கும் கட்டணத்தைக் கொடுக்கலாமா, அலுவலக நண்பர்களிடம் திரட்டிய தொகையை எடுத்துச் செல்லலாமா, வார இறுதிகளில் அருகிலுள்ள குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் கற்பிக்கலாமா, ஒரு மடிக்கணினி அன்பளிப்பாகக் கொடுத்தால் நல்லதா என்பவை உங்கள் கேள்விகள். தனஹுன் மாவட்டத்தில் இதே போன்றதொரு நிறுவனத்தின் கணக்கு அறையில் 2017–18 குளிர்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், என் தவறுகளையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கால அளவிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான அமைதிப் படை (பீஸ் கோர்) 1962 முதல் நேபாளத்துக்குத் தன்னார்வலர்களை அனுப்பிவந்தது. மாவோயிஸ்ட் போர் உச்சத்திலிருந்த 2004இல் பணியை நிறுத்தி, 2012இல் திரும்பி வந்தது. அதன் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் முழுவதும் பயிற்சிதான்: உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்பதும், அங்கு வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும். அவர்கள் பயிற்சிக்கென ஒதுக்கும் காலமே உங்களுக்கு மொத்தக் காலம். ஆகவே மூன்று மாதத்தில் ஒரு நிறுவனத்தை வலுப்படுத்திவிட முடியாது. அங்குள்ள ஒருவருடைய ஒரு வேலையை அவருக்கு எளிதாக்க முடியும். அந்த வேலை உங்கள் சொந்தத் தொழிலாக இருந்தால் மட்டுமே அதுவும் கைகூடும். நீங்கள் கணக்காளர் என்பதால்தான் போகச் சொல்கிறேன். எதை வேண்டுமானாலும் செய்யத் தயார் என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பிரிட்டனில் 1958இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.ஓ. (Voluntary Service Overseas) என்னும் தன்னார்வ அமைப்பு, ஆரம்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களையே வெளிநாடுகளுக்கு அனுப்பியது; பின்னர்தான் அனுபவமுள்ள தொழில் வல்லுநர்களை அனுப்பும் முறைக்கு மாறியது. சேவை மனப்பான்மைக்கு நேபாளத்தில் பஞ்சமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1988இல் தொடங்கிய பெண் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பணியாற்றுகிறார்கள். நீங்கள் சேரும் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்து வைக்கும் அம்மையார் அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும்.

இனி நிறுவனத்துக்கு வருவோம். நேபாளத்தில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் பெரும்பாலும் 1977ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்து, மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டதாக இருக்கும். அந்தப் பதிவைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தணிக்கை அறிக்கை, வரி தொடர்பான சான்று, உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் வேண்டும். 2015 அரசியலமைப்புக்குப் பிறகு நாடு 753 உள்ளாட்சிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், வார்டு அலுவலகத்தோடும் நகராட்சியோடும் உறவு சீராக இல்லாத நிறுவனம் இந்தக் கடிதத்துக்கே அலைந்து களைத்துவிடும். இவற்றோடு வெளிநாட்டு நிதி பெற வேண்டுமானால் 1992ஆம் ஆண்டின் சமூக நலச் சட்டப்படி சமூக நல மன்றத்திடம் திட்டத்தை முன்வைத்து ஒப்புதல் பெற வேண்டும். இந்தக் காகிதங்களில் ஒன்று தாமதமானாலும் நிதி வருவது தள்ளிப்போகும். ஊழியருக்கு அந்த மாதச் சம்பளமும் தள்ளிப்போகும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு மாலை நேரப் பாட வகுப்பும் மகளிர் சேமிப்புக் குழுவும்தான் கண்ணில் படும். அவற்றைத் தாங்கி நிற்கும் கோப்புகள் படுவதில்லை.

அந்தக் கோப்புகளில் ஒரு தமிழ்க் கணக்காளருக்குச் சிறு சலுகை உண்டு. நேபாள அரசு அலுவல்கள் விக்ரம் சம்வத் நாள்காட்டியில் நடக்கின்றன. அது நம் பஞ்சாங்க மாதங்களைப் போலவே சூரிய மாதங்களால் ஆனது. ஒரு மாதம் 32 நாள் வரை நீளும், மற்றொன்று 29 நாளில் முடிந்துவிடும். அவர்களுடைய பைசாக் முதல் நாள் நம் சித்திரை முதல் நாளையொட்டி வரும். நிதியாண்டு சிராவண் மாதத்தில், அதாவது ஆடிப் பிறப்பையொட்டித் தொடங்கி, ஆனி முடிவில் முடிகிறது. ஆண்டு முழுவதும் செலவிடாத பணத்தையெல்லாம் ஆனியின் கடைசி வாரங்களில் அள்ளி இறைக்கும் அரசு வழக்கத்துக்கு, அந்த மாதத்தின் பெயராலேயே ‘அசாரே பிகாஸ்’, ஆனி மாத வளர்ச்சி, என்று அங்கு ஒரு கிண்டல் பெயரும் உண்டு. வருமான வரிப் படிவம் நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள், அதாவது புரட்டாசி முடிவுக்குள் கொடுக்கப்பட வேண்டும். அந்த நாள்களில்தான் நம் நவராத்திரியோடு சேர்ந்து வரும் தசைன் பண்டிகைக்காக அலுவலகங்கள் பூட்டப்பட்டு, ஊரே சொந்தக் கிராமங்களுக்குப் பேருந்து ஏறும். மூலத்தில் பிடித்த வரியை (டி.டி.எஸ்.), மாதம் முடிந்த 25 நாளுக்குள் கட்ட வேண்டும்; அந்த மாதமும் விக்ரம் மாதமே. நன்கொடை கொடுக்கும் வெளிநாட்டு அமைப்போ டிசம்பரில் முடியும் ஆங்கில ஆண்டுக்கு அறிக்கை கேட்கும். ஆகவே ஒரே பற்றுச்சீட்டுக்கு இரண்டு தேதிகள், ஒரே செலவுக்கு இரண்டு ஆண்டுகள். அங்குள்ள கணக்காளரின் பாதிப் பொழுது இந்த மொழிபெயர்ப்பிலேயே கழிகிறது.

நான் தவறு செய்ததும் இங்கேதான். விக்ரம் தேதியைத் தட்டச்சு செய்தால் ஆங்கிலத் தேதியைத் தானே காட்டும் ஓர் எக்செல் தாளை, போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே உருவாக்கிவிட்டேன். மாத நீளங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதை எளிய சூத்திரத்தில் அடக்க முடியாது; பின்னால் ஓர் அட்டவணை வேண்டும். நான் 2074, 2075 ஆகிய இரண்டு விக்ரம் ஆண்டுகளுக்கு மட்டும் அட்டவணையை நிரப்பினேன். யாரும் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று அந்தத் தாளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் வைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், ஊர் திரும்பினேன். 2019 ஏப்ரல் 14 அன்று 2076 பிறந்தது. அட்டவணை தீர்ந்துபோய், எந்தத் தேதியைத் தட்டினாலும் பிழை என்றே காட்டியது. கணக்குப் பார்த்த இளம்பெண், தானே எதையோ கெடுத்துவிட்டோம் என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் பழைய பேரேட்டில் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஆடியில் தணிக்கை வந்தபோது தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அட்டவணையை நிரப்ப அரை மணி நேரம் போதும். அச்சிட்ட நாள்காட்டி ஒவ்வொரு கடையிலும் தொங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு அதைச் செய்யத் தெரியாமல் போனதற்கு என் பூட்டைத் தவிர வேறு காரணமில்லை.

ஆகவே முதல் மூன்று வாரம் எதையும் உருவாக்காதீர்கள். ஒரு முழு மாதத்தின் பற்றுச்சீட்டுகளை, அங்குள்ள கணக்காளர் பக்கத்தில் அமர்ந்து, அவர் எழுதுவதைப் பார்த்தபடி பின்தொடருங்கள். நான் பார்த்த அளவில், சிறு நிறுவனங்களின் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் குவிந்திருக்கும்.

முதலாவது முன்பணம். அதை அங்கே ‘பேஸ்கி’ என்பார்கள். களப்பணிக்குப் போகும் ஊழியர் பணம் வாங்கிச் செல்வார். ரசீது கொண்டுவர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த பயணத்துக்கு அடுத்த முன்பணம் போய்விடும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுநரிடமும் சுமை தூக்குபவரிடமும் வரி எண் அச்சிட்ட ரசீது கேட்பது நடக்கிற காரியம் அல்ல. இதை நேர்மைக் குறைவாகப் பார்க்கும் தன்னார்வலர் அன்றோடு அந்த அலுவலகத்தின் நம்பிக்கையை இழந்துவிடுவார். தேவைப்படுவது இரண்டு எளிய ஏற்பாடுகள். ரசீது கிடைக்காத சிறு செலவுக்கு ஊழியரே கையொப்பமிட்டுத் தரும் ஒரு படிவத்தை, எந்தத் தொகை வரை ஏற்கலாம் என்ற வரம்போடு நிர்வாகக் குழு தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும். பழைய முன்பணம் தீராமல் புதியது இல்லை என்ற விதியைத் தலைவருக்கும் சேர்த்தே எழுத வேண்டும். அவரை விட்டுவிட்டால் அந்த விதியை ஊழியர் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

இரண்டாவது காசோலை. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்று விதி இருக்கும். தலைவர் இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருப்பார். எனவே அவர் முன்கூட்டியே கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகள் மேசை இழுப்பறையில் கிடக்கும். இதைக் கண்டதும் பதறாதீர்கள். நம்மூரிலும் இது இல்லாமலில்லை. கையொப்ப நாளை மாதத்துக்கு இரண்டாக வரையறுத்து, இடைப்பட்ட நாள்களுக்குச் சிறுசெலவு நிதியை ஒரு உச்சவரம்போடு வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். வங்கி அறிக்கையையும் ரொக்கப் பேரேட்டையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் காசோலை எழுதுபவரிடம் விடாமல் நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவர் இதை மகிழ்ச்சியோடு செய்வார்.

மூன்றாவதுதான் உண்மையான நோய். மூன்று நன்கொடையாளர்கள் மூன்று திட்டங்களுக்குப் பணம் தருவார்கள். ஆனால் வாடகை, தணிக்கைக் கட்டணம், கணக்காளர் சம்பளம், இணையக் கட்டணம், பதிவைப் புதுப்பிக்க மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் செலவு ஆகியவை எந்தத் திட்டத்தின் நிதியறிக்கையிலும் இருக்காது. நிர்வாகச் செலவு என்றாலே நன்கொடையாளர் முகம் சுளிப்பார் என்று அஞ்சி இவர்களே அதை விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றாகப் புரட்டி, அதை நினைவிலேயே கணக்கு வைத்துக்கொண்டு, தணிக்கை வரும்போது தூக்கமிழப்பார்கள். ஒரே பக்கத்தில் ஒரு பங்கீட்டு அட்டவணை போடுங்கள்: பொதுச் செலவுகள் ஒவ்வொன்றும் எந்த அடிப்படையில், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு சேரும் என்று. அறையின் பரப்பளவோ ஊழியரின் நேரமோ எதுவாயினும், அடிப்படையை அவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். நான் அங்கு செய்தவற்றில் இன்றும் புழக்கத்தில் இருப்பது இந்த ஒரு பக்கம் மட்டுமே. அதைக் கணக்காளர் காகிதத்தில் பென்சிலால் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் யாரோடு சேர்ந்து செய்வது என்பது போகும் முன்பே முடிவாக வேண்டும். உங்களுக்கு இணையாக அங்கே ஊதியம் பெறும் ஒருவர் இல்லையென்றால், அல்லது இருந்தும் அவர் நீங்கள் வருவதை விரும்பவில்லையென்றால், பயணச்சீட்டு வாங்காதீர்கள். முகமை எழுதித் தரும் பணி விவரத்தை நம்பாமல், நிறுவனத்தாரையே அரைப் பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நேபாளியிலேயே எழுதட்டும், மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கடைசித் தணிக்கை அறிக்கையையும் பதிவுப் புதுப்பிப்புக் கடிதத்தையும் கேளுங்கள். தயங்காமல் கொடுப்பவர்களுக்கு உங்களால் பயன் இருக்கும்.

மொழியில் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். நீங்கள் எதைப் பரிந்துரைத்தாலும் ‘ஹுன்ச’ என்பார்கள். சரி, ஆகட்டும் என்று அதற்குப் பொருள். ஆனால் அது சம்மதம்தானா, நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கான அடையாளமா என்று சொல்லும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். நம் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது கடினமில்லை. ஹிந்தி ஓரளவு தெரிந்திருந்தால் சமாளிக்கலாம். ஆனால் பேரேட்டின் தலைப்புகளை வாசிக்கத் தேவநாகரி எழுத்துகளையும் எண்களையும் போகும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். வயதில் மூத்த பெண்களை ‘தீதி’ என்றும் ஆண்களை ‘தாய்’ என்றும் அழையுங்கள். அண்ணனைத் ‘தாய்’ என்று அழைப்பது தமிழ் நாவுக்கு முதல் வாரம் சிரிப்பூட்டும்.

நிதி விண்ணப்பங்கள் எழுதித் தரும்படி உங்களைக் கேட்பார்கள். என் கருத்து, எழுதக் கூடாது என்பதே. சரளமான ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிய விண்ணப்பம் வெற்றி பெற்றால், அதே ஆங்கிலத்தில் காலாண்டுதோறும் அறிக்கை எழுத வேண்டியவர் நீங்கள் போன பின் அங்கிருப்பவர். உங்கள் நடையில் அளித்த வாக்குறுதி அவர் தலையில் விழும். அவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள். வரவு செலவுப் பகுதியை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள்.

திரட்டிய பணத்தைப் பற்றி: கையில் எடுத்துச் சென்று தலைவரிடம் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன சமூக நலச் சட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டு உதவியைப் பெறுவது நிறுவனத்தைத்தான் சிக்கலில் மாட்டிவிடும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கைச் சீர்படுத்தப் போகிறவரே கணக்கில் வராத பணத்தோடு போய் இறங்குவது அழகுமல்ல. நண்பர்கள் கொடுத்தே தீர வேண்டுமென்றால், எந்த வழியில், எந்த ஒப்புதலோடு பெறுவது என்பதை அந்நிறுவனத்தின் பொருளாளர் தீர்மானிக்கட்டும்.

குழந்தைகள் இல்லம் குறித்து என் பதில் திட்டவட்டமானது: போகாதீர்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லிக் குழந்தைகளைத் தரகர்கள் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். அவர்களைப் பார்க்க வந்த வெளிநாட்டுத் தன்னார்வலரின் கட்டணமும் நன்கொடையும் அந்தத் தொழிலுக்கு வருமானமாயின. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் இது பெருகிவிடுமென அஞ்சி, பெற்றோரோ உரிய பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் அழைத்துச் செல்ல அரசு தடை விதிக்க நேர்ந்தது. நீங்கள் போகும் இல்லம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை தோறும் வந்து பாசம் காட்டிவிட்டு மூன்றாவது மாதம் மறைந்துவிடும் ஒருவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

முகமைக் கட்டணத்தில் எவ்வளவு நிறுவனத்தைச் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நேரடியாகவே நிறுவனத்தோடு பேசிக்கொள்ளுங்கள். அதே சமயம், உங்களை ஏற்பதால் அவர்களுக்கும் செலவுண்டு என்பதை மறக்க வேண்டாம்: ஒரு மேசை, ஒருவரின் நேரம், முதல் வாரத்தின் விருந்தோம்பல். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் நீங்களே கொடுத்துவிடுங்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருப்பதால் கணக்கிடுவது எளிது.

விசாவைப் பொறுத்தவரை இந்தியக் குடிமக்களுக்கு அது தேவையில்லை. இதை வாசிக்கும் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சுற்றுலா விசாவில் ஊதியமற்ற தன்னார்வப் பணிக்கும் அனுமதியில்லை. கிளம்ப ஏற்ற காலம், என் பார்வையில், கார்த்திகை பிறந்த பிறகு. அதற்குள் தசைனும் தீபாவளியையொட்டி வரும் திஹாரும் முடிந்திருக்கும். மழைக்கால மண்சரிவுகள் ஓய்ந்து சாலை திறந்திருக்கும். தணிக்கை நெருக்கடியும் இராது. குளிர் மட்டும் உண்டு. கணக்கு அறையில் வெயில் வரும் சன்னலோரம் யார் உட்காருவது என்பதில் போட்டியும் உண்டு. காலை ஒன்பது, பத்து மணிக்கே பருப்பும் சோறுமாக முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் அலுவலகம் வருவார்கள்; மதியம் சிற்றுண்டிதான். ஒரு மணிக்குச் சோறு தேடும் நம் வயிறு பழகப் பத்து நாளாகும்.

மடிக்கணினியைக் கொடுக்கலாம், ஆனால் முதல் நாளில் அல்ல. கணக்காளர் இப்போது எதில் வேலை செய்கிறார் என்று பார்த்துவிட்டு, அவர் கேட்டால் மட்டும், சொத்துப் பதிவேட்டில் எழுதி, நிறுவனத்தின் பெயரில் கொடுங்கள். கடைசி மூன்று வாரம் விசைப்பலகையை நீங்கள் தொடாமல், ஒரு மாதக் கணக்கை அவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடிப்பதைப் பாருங்கள். அதில் அவர் தடுமாறும் இடங்களை மட்டும் அவர் மொழியில், அவர் கையெழுத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். திரும்பிய பின், ஆடிப் பிறப்பையொட்டிய வாரத்தில் ஒருமுறையும் புரட்டாசித் தொடக்கத்தில் ஒருமுறையும் நீங்களே தொலைபேசியில் அழையுங்கள், அவர்கள் அழைப்பார்கள் என்று காத்திராதீர்கள். எந்தத் தாளையாவது கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், விமானம் ஏறும் முன் திறந்துவிடுங்கள்.